தீடைக்கு வீட்டு இலக்கம் இல்லை

றொசாந்தனுக்குப் பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் நாள் காலையில் தின்ற பாணோடு நின்ற வயிறு. வாடைக்காற்று அடிக்கத் தொடங்கிய பிறகு பேசாலைக் கரையில் ஒரு படகும் இறங்கவில்லை. கனடாவில் இருக்கும் மனைவி ஜெனிற்றாவிடம் காசு கேட்கலாம். ரோசம் விடவில்லை.

அலுமாரிக்கு மேலே ஒரு பிஸ்கற் தகரம் இருந்தது. அதற்குள் ஊர்க்கார லூர்தம்மா கனடாவில் இருக்கும் தன் மகன் றோய்க்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லித் தந்த கட்டா மீன் கருவாடு. றொசாந்தன் அதை அண்ணாந்து பார்ப்பதும் பிறகு சுவரைப் பார்ப்பதுமாக இருந்தான்.

பேசாலையில் ஒருவன் கனடா போகிறான் என்றால் அவனுடைய பெட்டி அவனுக்குச் சொந்தமில்லை. விசாவுக்கான மெடிக்கல் முடிந்த கையோடு றொசாந்தன் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். பாதி ஊரின் கருவாடும் மிளகாய்த்தூளும் வீட்டில் வந்து குவிந்தன. அதன் பிறகுதான் பாதுகாப்புச் சோதனை என்று ஒன்று இருப்பது தெரியவந்தது. அது தொடங்கி இது மூன்றாவது வாடை. மெடிக்கல் காலாவதியாகி இரண்டாம் தரமும் எடுத்தாயிற்று. அங்கே பிள்ளை பிறந்து, நடந்து, கதைக்கவும் தொடங்கிவிட்டது. அவனுக்கு அது வைத்திருக்கும் பெயர் ‘போன் அப்பா’.

பொதி தந்தவர்கள், “குறை நினையாத தம்பி, வேற ஆள் போகுது” என்று ஒவ்வொருவராக வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். லூர்தம்மா மட்டும் கேட்கவில்லை. வெயில் எறிக்கும் நாளில் வந்து, தகரத்தைத் திறந்து, கருவாட்டை முற்றத்தில் காயப்போட்டு, பின்னேரம் திரும்பக் கட்டி வைத்துவிட்டுப் போவாள். பழசானால் புதுசு மாற்றி வைப்பாள். றொசாந்தன் கனடா போவான் என்று நம்ப இன்னும் ஒரு சீவன் இருக்கிறது என்பதற்கு அவனிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்தத் தகரந்தான்.

தாமதத்துக்குக் காரணம் அவனுடைய வாய். பத்து வருடத்தில் எங்கெங்கே வசித்தீர் என்று விசாப் படிவத்தில் கேட்டிருந்தார்கள். படிவம் நிரப்பிய பெடியன், “பேசாலை எண்டு மட்டும் போடுவம் அண்ணை” என்றான். பொய் சொன்னால் பிடித்துவிடுவார்கள் என்று றொசாந்தன் ஒப்பவில்லை. காற்று மாறும்போதெல்லாம் தொழிலுக்காகப் போய்த் தங்கிய வாடிகளை, கரையில் கிடுகால் கட்டிய அந்தக் கொட்டில்களை, ஒன்று விடாமல் சொன்னான். அதோடு விட்டானா? எஞ்சின் பழுதாகி நாலு நாள் கிடந்த மணல் தீடையையும் எழுதுவித்தான். தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுக்கடலில், நண்டும் பறவையும் தவிர வேறு குடியில்லாத திட்டு அது. மாதக்கணக்கில் பேச்சு மூச்சில்லாமல் இருந்துவிட்டுக் கனடா விசா அலுவலகம் கேட்டது: அங்கே வீட்டு இலக்கம் என்ன? யாரோடு வசித்தீர்? அது எந்த நாடு?

கரைச் சனத்துக்குச் சிரிக்க இது போதாதா?

“மச்சான், வெள்ளை நாரை ஒண்டு உன்ர வீட்டையே பாத்துக்கொண்டு நிக்குது. உன்னை விசாரிக்கக் கனடாவால வந்ததோ?” என்பான் படகுக்கார ஜெயரூபன். “நீ எங்க இருந்தனியெண்டு நேவிக்காரரிட்டக் கேட்டா உடன சொல்லுவாங்களே. விடியவும் பொழுதுபடவும் உன்ர கடல் பாஸைப் பாக்கிறவங்கள் அவங்கள்தானே!”

அந்த ஜெயரூபன்தான் வாடைக்கு ஒதுக்கான சிலாவத்துறைப் பக்கம் வாடி போட வரச்சொல்லி இந்த முறையும் கூப்பிட்டான். லொறி வெளிக்கிட ஒரு கிழமை இருந்தது. றொசாந்தன் மாட்டேன் என்றுவிட்டான். இன்னொரு வாடி என்றால் இன்னொரு விலாசம். இன்னொரு விலாசம் என்றால் முதலிலிருந்து தொடங்குவார்கள் என்பது அவன் கணக்கு. கனடாவுக்காகக் கனடாக் கந்தோரில் இப்போதைய விலாசமாகப் பதிந்திருந்த கூரைக்குக் கீழே பட்டினி கிடந்தான்.

ஒரே ஒரு துண்டு என்றுதான் தகரத்தை இறக்கினான். அது மழை தொடங்கிய அன்று. மழை விடவில்லை, அவனும் விடவில்லை. கடைசித் துண்டு நெருப்பில் கிடக்கும்போது பளிச்சென்று வெயில் எறித்தது. வெயிலோடு லூர்தம்மாவும் வந்தாள்.

“தம்பி, தகரத்த எடு, காயப்போடுவம்.” வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள். கருவாட்டிலேயே சீவியம் நடத்தும் மூக்கு. “ஆர் வீட்டில கட்டா சுடுறது?”

“பக்கத்து வீட்டிலயாக்கும், மாமி.”

“அவை நேற்றே மன்னாருக்குப் போயிட்டினமே.”

அதற்கு மேல் அவனிடம் பொய் இல்லை. “பசி, மாமி.”

லூர்தம்மா உள்ளே வந்து தகரத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு செதில் விழுந்தது.

“முழுக்கவோ?”

“இது கடைசித் துண்டு. வேணுமெண்டா…”

“என்ர கருவாட்ட எனக்கே தாறியோ? திண்டு முடி.” கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிய அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. “உனக்கு மூண்டு வருசமாச் சோதனை. றோயின்ர கருவாடு ஒரு சோதனையும் இல்லாமப் போய்ச் சேந்திட்டுது.”

அவன் சிரிக்கவில்லை. “இனி நீங்களும் வேற ஆளிட்டக் குடுத்து விடுவியள், என்ன?”

“ஏன் வேற ஆள்? திண்டது நீ. நீதான் கொண்டுபோய்க் குடுக்கோணும். மூண்டு கிலோ. நல்ல கொழுத்த கட்டாவா.”

“கட்டாவுக்கு நான் எங்க போறது?”

“வீட்டுக்க சுருண்டு கிடந்தா வருமோ? ஜெயரூபன்ர லொறி நாளைக்குப் போகுது.”

“விலாசம், மாமி…”

“தீடையையே எழுதிக் குடுத்தனி. வாடிக்கு என்ன வெக்கம்?”

பின்னேரம் ஜெனிற்றாவைப் போனில் அழைத்தான். அங்கே விடிந்துகொண்டிருந்தது.

“புது விலாசம் ஒண்டு அறிவிக்கோணும்.”

“ஐயோ, திரும்பவுமோ?” என்றவள் பேனை தேடும் சத்தம் கேட்டது. பிறகு, “மூண்டு வருசம் ஒரே விலாசத்தில இருந்தனீங்கள்தானே. அதால கெதியாவோ முடிஞ்சது? சொல்லுங்கோ, எழுதுறன். வீட்டு இலக்கம்?”

“ஜெயரூபன்ர வாடி எண்டு போடு.”

பின்னால் ஒரு சின்னக் குரல் கேட்டது: “போன் அப்பா எங்க போறார்?”

“வேலைக்கு, அம்மா,” என்றான் மகளுக்கு.

மறுநாள் லொறியில் வலைக் குவியலுக்கு மேலே ஏறி உட்கார்ந்தவனைப் பார்த்து ஜெயரூபன் கேட்டான்: “என்ன மச்சான், கனடாவுக்கோ?”

“ஓம். சிலாவத்துறை வழியா.”

லொறி போய்விட்டது. விசா இன்னும் வரவில்லை. லூர்தம்மாவின் மகன் றோய்க்கு றொசாந்தன் தன் கையால் கொடுக்க வேண்டிய மூன்று கிலோ கட்டாக் கருவாடு கடனாகவே நிற்கிறது.