கடல்தேளுக்கு முளைத்த கொம்பு

1

இந்தக் கதையை நான் திருடினேன், அதுவும் சொந்தத் தம்பியிடமிருந்து. அருங்காட்சியகத்தில் பாறையை ஊசியால் சுரண்டிப் புதைபடிவங்களை வெளியே எடுப்பது அவன் வேலை. "யார்கிட்டயும் சொல்லிடாதக்கா" என்றுதான் ஆரம்பித்தான். கதை எழுதுகிறவளிடம் போய்! பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தான், பாவம்.

2

முதல் தொடக்கம்: நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழமில்லாத ஒரு கடலில், கடல்தேள் ஒன்று மெல்ல

(வேண்டாம். அப்போது நான் அங்கே இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: போன வருடம் சுரண்டும்போது, அழிந்துபோன அந்தக் கடல்தேளின் துண்டு ஒன்று உடைந்து தெறித்தது. தம்பி பசை தடவி ஒட்டினான். தலையில்.*

* தும்மல் வந்ததாம். கண்ணாடியை மாற்றுடா என்று இரண்டு வருடமாகக் கத்துகிறேன்.

3

இயக்குநர் பார்த்தார். "அடடா, கொம்பு!" என்றார். உலகில் வேறெந்தக் கடல்தேளுக்கும் இல்லாத கொம்பு. புது இனம் என்று கட்டுரை வந்தது. கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே வைப்பது அழகில்லை. ஆகவே தன் உதவியாளரைக் கொண்டு அந்த இனத்துக்குத் தன் பெயரைச் சூட்ட வைத்தார் இயக்குநர். கொம்பு எதற்கென்று மூன்று கருத்தரங்குகள் நடந்தன. சண்டைக்கு என்றார் ஒருவர், காதலுக்கு என்றார் இன்னொருவர்.

(இயக்குநரைக் கொஞ்சம் நல்லவராக எழுதிப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை.)

4

நகல் செய்ய அச்சு எடுத்தபோது, போன வாரம்தான், தம்பி கவனித்தான்: பின்னங்கால் ஒன்றுக்கு நுனி இல்லை. கொம்பு அங்கே கச்சிதமாகப் பொருந்தும். பத்து வருடத் தற்காலிக வேலை அவனுக்கு நிரந்தரமாகப் போவதும் இப்போதுதான். இயக்குநர் கையெழுத்து மட்டும் பாக்கி.

முடிவு அ: வாயை மூடிக்கொள்கிறான். ஆணை வருகிறது. நிம்மதியாகத் தூங்குகிறான்.

முடிவு ஆ: சொல்கிறான். இயக்குநர் அவனைக் கட்டித் தழுவி (சிரிக்காதீர்கள்)

முடிவு இ: சொல்கிறான். "கொம்பில்லாத கடல்தேள்: மேலும் ஒரு புது இனம்" என்று இயக்குநர் அடுத்த கட்டுரையைத் தொடங்குகிறார்.

5

எழுதியதைத் தம்பியிடம் காட்டினேன்.

"நிம்மதியா தூங்குறேன்னு யாருக்கா சொன்னா?"

"கதைதானேடா."

"நான் கண்ண மூடி எட்டு நாளாச்சு. நாளைக்கே போய்ச் சொல்லிடுறேன். நீயும் கூட வா."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவன் வயிறு எரிந்துகொண்டிருந்தது, நான் அதில் குளிர்காய்ந்திருக்கிறேன்.

இப்போது இயக்குநர் அறைக்கு வெளியே பெஞ்சில் இருக்கிறேன். தம்பி உள்ளே போய்க் கால்மணி நேரமாகிறது. கையெழுத்தாகாத ஆணையும் அதே மேசையில்தான் இருக்கிறது. சத்தமே இல்லை. பயமாக இருக்கிறது.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம். அவன் வெளியே வரும்போது என் கையில் பேனா இருக்கக்கூடாது. இந்தாருங்கள், பிடியுங்கள்.