கிழிந்த சுரம்

வெந்நீரில் உப்பைக் கரைத்து மேலுதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள் ஓடீல். நாளைக் காலை முன்பற்களைப் பிடுங்கிவிட வேண்டும் என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார். ஈறு அழுகிவிட்டது, இனியும் தள்ளிப்போட்டால் விஷம் ரத்தத்தில் ஏறிவிடும். பல் இல்லாத வாயில் ட்ரம்பெட்டை எங்கே ஊன்றுவது என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஊத இன்று ஒரு நாள்தான் மிச்சம். இன்று தியோஃபிலின் சவ ஊர்வலம்.

கணவன் ஆர்மன் தன் முரசின் அடிக்கம்பிகளுக்குள் கைக்குட்டையைச் செருகிக்கொண்டிருந்தான். கல்லறைக்குப் போகும் வழியில் முரசு அதிரக் கூடாது.

"உசிரோட இருந்தவரைக்கும் தியோஃபில் எந்த ஊர்வலத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்ல," என்றான். "இன்னிக்குத்தான் எல்லாருக்கும் முன்னாடி போறான்."

அவள் சிரிக்கவில்லை. சிரித்தால் உதட்டு வெடிப்பு விரியும்.

நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் ஒரு பெண் ட்ரம்பெட்டோடு முன்வரிசையில் நடப்பதா என்று ஊரே முணுமுணுத்தபோது, அவளைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டவன் ட்ராம்போன்காரன் தியோஃபில். போகும்போது துக்கப் பாட்டு, புதைத்துத் திரும்பும்போது ஆட்டப் பாட்டு என்பது ஊர் வழக்கம்; அந்த முதல் குதூகலப் பாட்டை ஓடீல்தான் எடுக்க வேண்டும் என்று மரணப் படுக்கையில் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

போகும் வழியில் உதடு தாங்கியது. மெதுவான தோத்திரப் பாட்டு. நீண்ட, தாழ்ந்த சுரங்கள். அழுகை அவளுக்குப் பதிலாகப் பாதி வேலையைச் செய்தது. பெட்டி உள்ளே போனது. கல்லறை வாசலைத் தாண்டிச் சற்றுத் தூரம் எல்லோரும் வாத்தியங்களை இறக்கிப் பிடித்தபடி நடந்தார்கள். பிறகு ஆர்மன் கைக்குட்டையை உருவினான். முரசு அதிர்ந்தது. பின்னால் ஆடுகிறவர்களின் குடைகள் விரிந்தன. அவள் ட்ரம்பெட்டை உயர்த்தினாள்.

காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினாள். ரத்தத்தின் உப்புச் சுவை நாக்கில் இறங்கியது.

இரண்டாம் ட்ரம்பெட்காரன் கர்னீலியஸ் அவள் பக்கம் திரும்பாமலேயே பாட்டை எடுத்துக்கொண்டான். திரும்பாததுதான் அவன் காட்டிய மரியாதை. அவன் எடுத்தது அவளுடைய பாட்டு. உச்சிக்கு ஏறியதும் சுரத்தை இரண்டாகக் கிழித்து, அப்படியே இறக்கினான். கூட்டம் ஆரவாரித்தது.

எத்தனையோ வருஷங்களுக்கு முன் சிகாகோவில், இசைத்தட்டுக்காக வாசித்தபோது, அந்த உச்சியில்தான் அவள் உதடு முதன்முதலாகக் கிழிந்தது. மறுபடி பதிய இன்னொரு மெழுகுத் தட்டை வீணாக்கக் கம்பெனிக்காரன் சம்மதிக்கவில்லை. ரயிலில் ஊர் வரும்வரை அழுதாள். கிழிந்த சுரத்தோடேயே தட்டு விற்றது. அவள் பார்த்தேயிராத ஊர்களில், முழு உதடு உள்ளவர்கள் அறைக்குள் உட்கார்ந்து அந்தக் கிழிசலைப் பழகினார்கள். அவளிடமிருந்து உலகம் கற்றுக்கொண்டது அதை மட்டும்தான் என்று இப்போது தோன்றியது.

ஆர்மன் அருகில் வந்ததும் சொன்னாள்: "அந்த எடத்துல எனக்கு உதடு கிழிஞ்சுது. அதப் போயி வாசிக்கிறான்."

முரசை நிறுத்தாமல் அவன் சொன்னான்: "என்ன செய்ய ஓடீல், நல்லாத்தான் வாசிக்கிறான்."

பாடச் சொல்லி யாரோ குரல் கொடுத்தார்கள். ஒரு வரி பாடினாள். உதடு ஓய்வெடுக்கும் நேரத்தை நிரப்பத்தான் அவள் பாடவே தொடங்கினாள்; உலகம் அதையும் கொண்டாடியது. இந்த ஓய்வு முடிந்தபின் எதை ஊத என்று நினைத்ததும் வரி பாதியில் நின்றது. யாரும் கவனிக்கவில்லை. முரசு அந்த இடத்தை நிரப்பிவிட்டது.

அவள் நடை தளர்ந்தது. வரிசைகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. வாத்தியங்களுக்குப் பின்னால் ஆடி வந்த கூட்டத்தில், வியர்வை வழிய ஆடிய ஒரு பெண் அவள் தோளைத் தொட்டாள்.

"கொஞ்சம் ஓரமா நில்லுக்கா, ஆட எடமில்ல."

ஓடீல் ஒதுங்கினாள். கை பழக்கத்தில் ட்ரம்பெட்டைச் சாய்த்து எச்சில் நீரை வடித்தது. வெள்ளைக் கிளிஞ்சல் பரப்பிய சாலையில் சிவப்பாகச் சில சொட்டுகள் விழுந்தன. ஆடுகிறவர்களின் கால்கள் அவற்றின் மேல் ஏறி, தாளம் தப்பாமல் போய்க்கொண்டிருந்தன.