வளர்கிற பாம்புக்கு வாங்கிய தொட்டி

எங்கள் ஊரில் பாம்புத் தொட்டியில் இடம் மிச்சமிருந்தால் யாராவது குடிவந்துவிடுவார்கள். அதனால் அளவு பார்த்து வாங்கவேண்டும் என்பார்கள். நான் பார்க்கவில்லை. பள்ளிச் சீருடை எடுப்பதுபோல, வளர்கிற பிள்ளைதானே என்று நாலடிக் கண்ணாடித் தொட்டியாக எடுத்துவிட்டேன். பாம்புக்குட்டி ஒரு சாண்தான் இருந்தது.

மறுநாள் விடிந்தபோது மிச்ச இடத்தில் பக்கத்துத் தெரு வைரவன் அண்ணாச்சி சம்மணம் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குட்டி மூலையில் சுருண்டு கிடந்தது. போட்ட எலிக்குஞ்சைத் தொடவில்லை.

"அண்ணாச்சி, குட்டி உங்களைக் கண்டு பயப்படுது" என்றேன்.

"என்னையக் கண்டா? இடத்தைக் கண்டுல்லா பயப்படுது. நாலடி எடுத்தது நீரு. ஏதோ என்னால முடிஞ்சத அடைச்சிக்கிட்டு இருக்கேன்."

அதிலும் நியாயம் இருந்தது. அவர் இருப்பதால் அது சாப்பிடவில்லையா, அவர் போதாததால் சாப்பிடவில்லையா என்று எனக்குத் தெளிவாகவில்லை. இன்னொருவரையும் வரச்சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். குட்டி நாளுக்கு நாள் மெலிந்தது. தோலுக்கடியில் எலும்பு வரிவரியாகத் தெரிந்தது. இப்படியே போனால் செத்துவிடும். தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து, யாருக்காவது எதையாவது சரியான அளவில் வாங்கியிருக்கிறேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கோமதி சோறு கொண்டுவந்து வைப்பாள். பிறகு அப்படியே எடுத்துக்கொண்டு போவாள்.

ஒரு மத்தியானம் அவள் குட்டியைத் தூக்கி, மூடியில் ஓட்டை போட்ட டிபன் டப்பாவில் விட்டாள். எலிக்குஞ்சையும் போட்டு மூடினாள். குட்டியின் உடம்பு நாலு பக்கமும் டப்பாவில் உரசிக்கொண்டு இருந்தது. சாயங்காலம் திறந்தபோது எலிக்குஞ்சு இல்லை. குட்டியின் நடுவயிறு புடைத்திருந்தது.

"புள்ள பொழச்சிட்டு" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இவுகளும் சாப்பிட்டு வாரமாச்சு, அண்ணாச்சி."

அண்ணாச்சி தொட்டியிலிருந்து இறங்கி, மடியிலிருந்து அளவு டேப்பை எடுத்து விரித்து என்னை உச்சியிலிருந்து குதிகால்வரை அளந்தார்.

"கொஞ்சம் தாராளமா இருக்கட்டுமா?" என்று கோமதி கேட்டாள்.

"எதுக்கு? இனி எங்க வளரப்போறாரு?"

கோமதி பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்தாள். முழங்காலை மடக்கி உள்ளே போனேன். முதுகும் உள்ளங்காலும் தகரத்தில் பட்டன. அவள் கதவைச் சாத்தியதும் எனக்கு நன்றாகப் பசித்தது.