சாய்தளம் முடியும் இடம்

"அக்கா, வீட்டுக்கு முன்னாடி வந்து நில்லுங்க. ஒரு போட்டோ எடுத்துடலாம்" என்றாள் ஓவர்சியர் ஷமீரா.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு கைப்பேசியை இறக்கினாள்.

"நிக்கிறதுதான் கொஞ்சம் கஷ்டம் மேடம். நாப்பது வருஷமா முயற்சி பண்ணிக்கிட்டுதான் இருக்கேன்" என்றேன் சக்கர நாற்காலியிலிருந்து. பாவம், சின்னப் பெண். நன்னிலத்திலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நான் சிரித்துக் காட்டிய பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"சாரிக்கா. உக்காந்தே இருங்க. வீடும் நீங்களும் ஒரே படத்துல விழணும், அவ்வளவுதான். பயனாளி இல்லாத படத்த ஆப்ல ஏத்த முடியாது."

எனக்கு அது தெரியும். பூம்புகார் பக்கத்து ஆள் நான். எங்கள் ஒன்றிய அலுவலகத்து வாசலில் உட்கார்ந்து பதினான்கு வருடமாக ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறேன். வீடு கேட்டு, பட்டா கேட்டு, உதவித்தொகை கேட்டு எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. அரசு வீட்டுத் திட்டத்தில் அஸ்திவாரத்துக்கு ஒரு படம், கூரைக்கு ஒரு படம், வெள்ளையடித்து முடித்ததும் கடைசிப் படம். அது ஏறினால்தான் கடைசித் தவணை வரும், அது வந்தால்தான் துரைராசு மேஸ்திரிக்குக் கூலி பாக்கி தீரும். அதனால் மேஸ்திரி காலையிலேயே புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றிருந்தார். என் அண்ணன் வசந்தகுமாரும் அண்ணி ஜெயபாரதியும் அவருக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"படம் எடுக்க வேண்டாம் மேடம். வீடு இன்னும் முடியல" என்றேன்.

"என்ன பாப்பா சொல்ற?" மேஸ்திரி பதறிப்போனார். "வெள்ளை அடிச்சாச்சு, கதவு மாட்டியாச்சு, செவுத்துல உன் பேர எழுதியாச்சு. இன்னும் என்ன பாக்கி?"

நாற்பத்து மூன்று வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட அவர் ஒருவரால்தான் முடியும். நான் வாசற்படியைக் கையால் காட்டினேன்.

அந்தப் படியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அரசாங்கம் கொடுத்த வரைபடத்தில் வாசலுக்கு மூன்று படிக்கட்டுகள். எனக்கோ சாய்தளம் வேண்டும். ஊருக்கு எழுதிய கை எனக்காகவும் எழுதியது. ஒன்றியத்துக்கு மூன்று மனு, ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு இரண்டு. "பிளான்ல இல்லாதத கட்ட முடியாதும்மா" என்றவர்களிடம், அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டேன். அதற்கு யாருக்கும் கை வரவில்லை. ஆறாவது வாரம் ஒப்புதல் வந்தது. பிடித்துக்கொள்ளக் கம்பி, சக்கரம் வழுக்காமல் இருக்கச் சிமெண்டில் கோடு என்று அருமையான சாய்தளம். ஏறி வந்தால் நேராகக் கதவு நிலையின் அடிச்சட்டமான வாசற்படியில் போய் முட்டும்.

ஐந்து அங்குல உயரம். அரசாங்கமே வழிவிட்டுவிட்டது, என் வீட்டார் விடவில்லை.

"கீழ படி வேண்டாம், நிலைக்கு மூணு சட்டம் போதும்" என்று நான் முதல் நாளே மேஸ்திரியிடம் சொல்லியிருந்தேன். "ஆகட்டும் பாப்பா" என்றார். நிலை வைத்த அன்று விடியற்காலையில் நல்ல நேரம். உன்னை எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்று சொல்லி அண்ணனும் அண்ணியும் மட்டும் போய்விட்டார்கள். வீட்டுக்காரி நான், எனக்கு அழைப்பில்லை. எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தால், நாலு சட்டமும் கூடிய பூவரச நிலை மஞ்சள் குங்குமத்தோடு மாவிலை கட்டி நிற்கிறது.

அந்தப் பூவரசு எங்கள் கொல்லையில் நின்ற மரம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் அண்ணனுக்குச் சீர் செய்யும் வாய்ப்பும் கிடைக்கவில்லை. அந்த ஆசையை எல்லாம் சேர்த்து வைத்து, மரத்தை வெட்டிக் காயப்போட்டு, ஆசாரியிடம் கொடுத்து நிலை செய்திருந்தார். "இதான் தையலு நான் உனக்குச் செய்யற சீரு" என்றபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்த பிறகு நான் எப்படிச் சண்டை போடுவது? "படி?" என்று மட்டும் கேட்டேன்.

"வாசப்படி இல்லாத வீட்டுல மகாலட்சுமி எங்க வந்து உக்காருவா?" என்றார் அண்ணி.

"பின்னாடி பாத்துக்கலாம் பாப்பா" என்றார் மேஸ்திரி. பின்னாடி, பின்னாடி என்றே சுவர் எழும்பியது, கூரை வந்தது, தரை போட்டார்கள், கதவு மாட்டினார்கள். படி மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. என் தப்புத்தான். அன்றைக்கே கத்தியிருக்க வேண்டும்.

"இதுக்காகவா மேடத்த நிக்க வைக்கிற?" என்றார் அண்ணன் இப்போது. "உன்னத் தூக்கி உள்ள விட நான் இல்லையா? இத்தன வருஷம் தூக்கலையா?"

"தூக்கினண்ணே. இல்லங்கல. நீ கடலுக்குப் போன அன்னைக்கி?"

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில் நடந்தது அண்ணனுக்கும் தெரியும். அவர் படகில் போயிருந்தார். அண்ணி ரேஷன் கடை வரிசையில். நான் மனு எழுதிவிட்டு அண்ணன் வீட்டுக்குத் திரும்பிய நேரம் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் தூக்கிவிட ஒரு ஆள் இல்லை. வாசற்படிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஒரு சொட்டு படாமல் காய்ந்த தரை. மடியில் மறுநாள் கொடுக்க வேண்டிய பதினோரு மனுக்கள். அவற்றின் மேல் கவிழ்ந்து வயிற்றால் மூடிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மனு ஒன்றுகூட நனையவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எனக்கென்று ஒரு வீடு வந்தால் அதற்குள் யார் கையையும் எதிர்பார்க்காமல் போவேன், வருவேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

"தரைய அஞ்சு அங்குலம் ஒசத்திட முடியாதா?" என்று ஷமீரா கேட்டாள்.

"ஒசத்தினா கதவு திறக்காதும்மா, அளவெடுத்துச் செஞ்சது" என்றார் மேஸ்திரி. "ரெண்டு பக்கமும் பலகையச் சாய்ச்சு வச்சுக்கலாம்."

"சாய்ச்ச பலகை சறுக்கி ரெண்டு தடவ விழுந்திருக்கேன் மேஸ்திரி. நெத்தியில தழும்பு இருக்கு, பாக்குறீங்களா?"

"அப்ப படிய அறுத்துடுங்க" என்றாள் ஷமீரா சாதாரணமாக.

மூன்று பேரும் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மேஸ்திரி இரண்டடி பின்னால் போனார். "வச்ச நிலையில நான் ரம்பம் போட மாட்டேன்மா. நானும் புள்ளக்குட்டிக்காரன்."

"அடியில நவதானியம் போட்டு மூடியிருக்கு" என்றார் அண்ணி. "அறுத்தா குடும்பத்துக்கு ஆகாது தையலு."

"என் வீடு அண்ணி. ஆகாட்டி எனக்குத்தான ஆகாது? பரவாயில்ல."

நாற்காலிக்கு அடியில் தொங்கிய பைக்குள் கையை விட்டு ரம்பத்தை எடுத்தேன். முந்தின நாளே கடைத்தெருவில் வாங்கி வைத்தது. யாரும் செய்ய மாட்டார்கள் என்று தெரிந்துதான் வந்திருந்தேன்.

அண்ணன் ரம்பத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அது என் சீரு தையலு" என்றார். குரல் எழும்பவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சீரு எனக்கு வேணும்ணே. அந்தப் படிதான் வேணாம்."

அவர் திரும்பித் தெருவில் இறங்கி நடந்தார். நான் ரம்பத்தைக் கீழே வைக்கவில்லை.

சாய்தளத்தில் ஏறி, படியில் சக்கரம் முட்டியதும் பிரேக் போட்டேன். கைகளை ஊன்றித் தரையில் இறங்கினேன். மற்றவர்கள் முதுகை வளைத்துக் குனிய வேண்டிய வேலை. நான் ஏற்கெனவே கீழேதான் இருந்தேன், எனக்கு வாகாகத்தான் இருந்தது. இடது ஓரத்தில் ரம்பத்தை வைத்து இழுத்தேன். பூவரசு லேசுப்பட்ட மரம் இல்லை. முதலில் மஞ்சள்தான் உதிர்ந்தது, பிறகு மெல்ல மெல்லத் தூள் விழ ஆரம்பித்தது. நாற்பது வருடம் கால் பார்க்க வேண்டிய வேலையையும் சேர்த்துப் பார்த்த கைகள் இவை. அரை மணி நேரத்தில் முதல் வெட்டு தரையைத் தொட்டது.

ஷமீராவின் கைப்பேசி அடித்தது. "அடுத்த வீட்டுக்கு வர லேட்டாவும் சார். இங்க வேலை நடந்துக்கிட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கம்பியில் சாய்ந்துகொண்டாள்.

வலது ஓரத்தில் பாதி அறுத்ததும் ரம்பம் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. பின்னால் கடகடவென்று சத்தம் கேட்டுத் திரும்பினேன். மேஸ்திரியின் கடப்பாறை என் பக்கம் உருண்டு வந்து நின்றது.

"நான் குடுக்கல" என்றார் மேஸ்திரி எங்கோ பார்த்துக்கொண்டு. "அதுவா உருண்டுச்சு."

கடப்பாறையை எடுத்தது நான் இல்லை. அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அறுபட்ட முனைக்கு அடியில் கடப்பாறையைக் கொடுத்து நெம்பினார். ரம்பம் விடுபட்டது.

"உன்னத் தூக்கித் தூக்கி என் இடுப்பும்தான் போச்சு" என்றார் மூச்சு வாங்க. "மகாலட்சுமி நாற்காலியில உக்காந்துக்கட்டும். நீ அறு."

நான் அறுத்தேன். கடைசி இழுப்பில் படி சிமெண்டைவிட்டுப் பெயர்ந்து வந்தது. அண்ணி அதைப் பத்திரமாக எடுத்துச் சாய்தளத்து ஓரமாகச் சாய்த்து வைத்தார். நான் கையை ஊன்றி ஏறி நாற்காலியில் உட்கார்ந்தேன். உதவிக்கு வந்த ஷமீராவிடம் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

சக்கரத்தை உருட்டினேன். பெயர்ந்த சிமெண்டில் லேசாக ஒரு குலுக்கல், அவ்வளவுதான். உள்ளே போய்விட்டேன். சுண்ணாம்பு வாசனை அடித்தது. சன்னல் வழியாக வெயில் தரையில் விழுந்திருந்தது. ஒரு வட்டம் சுற்றி வெளியே வந்தேன். மறுபடி உள்ளே போனேன். மறுபடி வெளியே. பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று மேஸ்திரி பார்த்தார். அவ்வளவு சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை, அதை எதற்கு மறைக்க வேண்டும்?

வாசலுக்கு நடுவில் வந்து நிறுத்தினேன். "மேடம், வீடு முடிஞ்சுது. இப்ப எடுங்க."

ஷமீரா படம் எடுத்துக்கொண்டு இருக்கும்போதே அண்ணன் திரும்பி வருவது தெரிந்தது. கையில் சுத்தியலும் ஆணிப் பொட்டலமும். சாய்த்து வைத்திருந்த படியைத் தூக்கினார், மரத்தூளைத் துண்டால் தட்டினார், கதவின் அகலத்தோடு வைத்துப் பார்த்தார்.

"கதவுக்கு அடியில அஞ்சு அங்குலம் சந்து விழுந்துடுச்சு. பூச்சி பொட்டு வரும்" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "இத நெடுக்க அறுத்துக் கதவோட அடியில அடிச்சுடவா?"

என்னைத் தூக்கியது, இறக்கியது, எங்கே உட்கார வைப்பது என்று முடிவு செய்தது எல்லாம் அண்ணன்தான். ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை.

"அடிண்ணே" என்றேன்.

அவர் சரி என்று தலையை ஆட்டினார். ஆனால் நகரவில்லை. படி இருந்த இடத்துக்கு வெளியிலேயே, கையில் பூவரசங்கட்டையோடு நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நாற்காலியைப் பின்னால் உருட்டி வழிவிட்டேன்.

"உள்ள வாண்ணே" என்றேன். அந்தச் சொல்லை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல எனக்கு ஒரு வாசல் இருந்ததில்லை.

அண்ணன் செருப்பை வெளியே கழற்றிவிட்டு என் வீட்டுக்குள் வந்தார்.