இடது கன்னம்

சாராம்மா அக்கா இடது கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினாள். பதினெட்டு வருடமாகப் புகையிலையை அடக்கி வைக்கும் இடம். உறங்கும்போதும் துப்பமாட்டாள். உள்ளே புளியங்கொட்டை அளவில் ஒரு புண், ஓரம் தடித்துச் சுருண்டிருந்தது. தாடைக்குக் கீழே கல்போல ஒரு கழலை.

“வலியே இல்லியே மக்கா. வலிக்காத்ததுக்கு என்னத்துக்கு டாக்டரு?”

வைத்தியப் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டவன் நான். திருவனந்தபுரத்தில் ஒரு சோதனைக்கூடத்தில் ராத்திரி வேலை. பார்த்து முடித்த சதைத் துண்டுகளைக் கொட்டிவிட்டு பாட்டில்களைக் கழுவவேண்டும். படித்ததில் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஒரு செல் சாகாமல் பெருகிக்கொண்டே போகிறது. உறை கட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே கிடந்தால் அது சாதுக் கட்டி. உறையில்லாமல் பக்கத்துச் சதைக்குள் இறங்கி, நிணநீரில் போய் வேறு இடத்தில் குடியேறினால் கொல்லும். உள்தோலில் தொடங்கினால் ஒரு பெயர், எலும்பிலோ தசையிலோ தொடங்கினால் வேறு பெயர். தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. அக்காவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. தெற்கே மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் பருப்பளவு சதையை வெட்டி பார்மலின் பாட்டிலில் போட்டார். “கான்சர்னா கன்னத்தையும் தாடையையும் எடுக்கணும். இப்ப எடுத்தா பிழைக்கலாம். சோதிச்ச சீட்டு வராம ஒரு பொம்பள முகத்துல கத்தி வைக்கமாட்டேன்.”

அது ஐம்பத்துநாலு ஆகஸ்ட். தமிழ்ப் பகுதிகளை மலையாள ராஜ்ஜியத்திலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராட்டம்; பஸ் இல்லை. அக்காவின் புருஷன் சுவாமிதாஸ் அத்தான் தினமும் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார். முதுகில் லத்தி விழுந்த தடத்தைச் செங்கல் ஊர் முழுக்கச் சட்டையைத் தூக்கிக் காட்டியாயிற்று. நான் வேலைபார்க்கும் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோகவேண்டிய பாட்டிலை என் கையில் தந்து சொன்னார்: “எலே, போலீசு பிடிச்சா தமிழன்னு சொல்லு. அடிய வாங்கு. அக்காளுக்க சாதனத்த மட்டும் விட்டிராத.”

பாறசாலையில் பிடித்தார்கள். ஒரு போலீஸ்காரன் மூடியைத் திறந்து முகர்ந்தான். கண் எரிந்தது. ஆசிட் என்று கத்தி பாட்டிலைச் சாலையோரக் கலுங்குச் சுவரில் எறிந்து உடைத்தான்.

“நீ தமிழனாணோடா?”

“அல்ல சாறே,” என்றேன். நல்ல மலையாளம். ஓங்கிய லத்தி அடிக்காமல் கீழே இறங்கியது. சாலையோர மணலில் கிடந்த அக்காவின் கன்னத்தை ஒரு கோழி கொத்தி விழுங்கியது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பிப் போய் இன்னொரு துண்டு வெட்டச் சொல்லியிருக்கலாம். பாட்டில் உடைந்ததென்றால், உடம்பில் ஒரு அடிகூட இல்லாமல் எப்படி வந்தாய் என்று அத்தான் கேட்பார். நான் நடந்தே சோதனைக்கூடத்துக்குப் போனேன்.

அன்றைக்குக் கொட்டவேண்டிய பாட்டில்கள் வரிசையாக இருந்தன. இரண்டு வாய்ச்சதை. ஒன்று கான்சர். மற்றது யாரோ ஒருவனின் நல்ல கன்னம், வெறும் புண். அக்காவுக்கு எது என்று எனக்குத் தெரியும். கான்சர் பாட்டிலை எடுத்தேன். ஒருவேளை என் கணிப்பு தவறாக இருந்தால்? வேறொருவன் சதையை நம்பி அவள் முகத்தை வெட்டிவிடுவார்கள். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. மற்றதற்கு இருந்தது. நல்ல கன்னத்தில் ஒரு துண்டு அறுத்து, அக்கா பெயர் எழுதி, காலையில் பார்க்கவேண்டிய தட்டில் வைத்தேன்.

பத்தாம் நாள் சீட்டோடு செங்கலுக்குப் போனேன். கான்சர் இல்லை என்று வாசித்தேன். அத்தான் ஓரக்கண்ணால் என் முதுகைப் பார்த்தார்.

“போலீசு ஒண்ணும் கேக்கல்லியா?”

“இல்ல அத்தான்.”

“கண்டியளா, நான் அப்பமே சொன்னேன்லா, வலிக்காத்தது ஒண்ணும் செய்யாதுன்னு,” என்று அக்கா சிரித்தாள். “அந்த டாக்டரு எனக்க தாடைய எடுக்கப் பாத்தாரு. எனக்க தம்பி படிச்ச படிப்பாக்கும் எனக்க முகத்தக் காப்பாத்திச்சு.”

பத்து நாள் தொடாமல் வைத்திருந்த பொதியை மடியிலிருந்து எடுத்து அவிழ்த்தாள். புகையிலையைக் கிள்ளி உருட்டினாள்.

“வலது பக்கம் வை அக்கா,” என்றேன்.

“அங்க வச்சா ருசி இல்ல மக்கா.”

இடது பக்கம் அடக்கிக்கொண்டாள். மெல்ல மெல்ல, தாடைக்குக் கீழே அந்தக் கழலை ஏறி இறங்கியது. பக்கத்தில் சின்னதாக இன்னொன்று.