கைராசிச் சிங்கம்

ரங்கசாமிக்கு யார் மேலாவது நன்றி வந்துவிட்டால் பேனர் வைக்காமல் மனசு அடங்காது. பேத்திக்குக் காது குத்தினாலும் பேனர், மாடு கன்று போட்டாலும் பேனர். அப்படிப்பட்டவர் புளியமரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். எங்கள் டாக்டர் புருஷோத்தமன் கட்டுப் போட்டு அவரை நடக்க வைத்தார். சும்மா இருப்பாரா மனுஷன்? எங்கள் மலையூர் ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கும் இடத்திலேயே ஆளுயர பேனர் எழுந்தது. டாக்டர் தலைக்குப் பின்னால் வாயைத் திறந்தபடி ஒரு சிங்கம். கீழே, ‘விழுந்தவனை எழுப்பிய கைராசிச் சிங்கமே!’

டாக்டரின் கிளினிக்கில் நான் நர்ஸ். பேனரைப் பார்த்ததுமே டாக்டரிடம் ஓடி, கழற்றச் சொன்னேன். டாக்டர்கள் தங்களுக்கு விளம்பரம் தேடக் கூடாது என்று விதி இருக்கிறது. டாக்டரோ வெட்கப்பட்டுச் சிரித்தார். ஆசையாக வைத்திருக்கிறார், இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். அடிவாரத்தில் எலும்பு வைத்தியம் பார்க்கும் இன்னொரு டாக்டருக்கு அது பொறுக்கவில்லை. படம் எடுத்து, டாக்டர்களின் ஒழுங்கை விசாரிக்கும் சென்னைக் குழுவுக்குப் புகார் தட்டிவிட்டார்.

அந்தக் குழு டாக்டர்கள் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் டாக்டரால் ஓர் ஊசிகூடப் போட முடியாது. கிளினிக்கைப் பூட்ட வேண்டியதுதான். மலையில் காய்ச்சல் கண்டவர்கள் வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்துக்கொண்டு திருப்பத்தூர் போக வேண்டும். நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

விசாரணைக்கு ரங்கசாமியைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போனோம். குழுத் தலைவர் தலை நரைத்த எலும்பு நிபுணர்.

“அந்த பேனரை நான் வைக்கல சார்” என்றார் டாக்டர்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க டாக்டர்.”

ரங்கசாமி எழுந்து, பேனர் தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். அதோடு நிறுத்தவில்லை. சிங்கம் தன் சொந்த யோசனை என்றும், டாக்டர் வாய் திறந்து கேட்டிருந்தால் புலியே வைத்திருப்பேன் என்றும் சொன்னார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆறு மாதம் பெயரை நீக்கவும் இடமிருக்கிறது, முடிவு பிறகு வரும் என்று சொல்லித் தலைவர் எழுந்தார்.

எழுந்தவர், சாட்சி காலைத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றார். வைத்தியர் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. முட்டியை அழுத்திப் பார்த்து, குந்தி உட்கார வேண்டாம், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள் என்றார். ரங்கசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. செல்போனை நீட்டி அவரை ஒரு படம் எடுத்துக்கொண்டார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் பஸ்ஸை விட்டு இறங்கினால், அதே இடத்தில் புது பேனர். அதே சிங்கம். முன்னால் குழுத் தலைவர். ‘தொட்டதும் வலி போக்கிய சென்னைச் சிங்கமே!’

“இன்னாண்ணா பண்ணி வெச்சிருக்க?” என்று கத்தினேன்.

“நம்ம டாக்டரு படந்தான தேவயானி வெக்கக் கூடாது? இதுல அவரு இல்லியே” என்றார் ரங்கசாமி, சாந்தமாக.

அதற்குள் அடிவாரத்து டாக்டர் தன் காரியத்தைத் தானே கெடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு யாரோ படம் அனுப்பியிருக்கிறார்கள். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. சிங்கத்தைப் பார்த்ததோடு சரி, முன்னால் யார் என்று பார்க்காமலே ‘ஆள் திருந்தவில்லை, மறுபடியும் வைத்துவிட்டார்’ என்று எழுதிக் குழுவுக்கே அனுப்பிவிட்டார்.

மறுநாள் கிளினிக்குக்கு போன் வந்தது. எனக்கும் கேட்கட்டும் என்று டாக்டர் ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் தலைவர். அன்றைக்கு இருந்த அதிகாரம் குரலில் இல்லை.

“டாக்டர், அந்த பேனரை நான் வைக்கல.”

எங்கள் டாக்டர் சற்று யோசித்தார். பிறகு மிகவும் பணிவாகச் சொன்னார்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க சார்.”

நான் பதறிப்போய் ஸ்பீக்கரை அணைக்கக் கை நீட்டினேன். அதற்குள் தலைவர் இருமுவதுபோல் ஆரம்பித்து, அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

முடிவு தபாலில் வந்தது. வெறும் எச்சரிக்கைதான், பெயர் தப்பியது. சந்தோஷத்தில் நான் செய்தி சொல்ல வாசலுக்கு ஓடினேன். டாக்டர் குறுக்கே வந்து நின்று கைகூப்பினார்.

“ஊருக்கே சொல்லும்மா. ரங்கசாமிக்கு மட்டும் சொல்லிடாத.”