காற்று இலவசம்

எங்கள் வீட்டு வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. "ரூம் வாடகைக்கு. காற்று இலவசம்." எழுதியவர் என் வீட்டுக்காரர் சின்னராஜ். மலை மேல் இருக்கிற கரடியூர் வியூ பாயின்ட் பார்க்க வருகிறவர்களுக்கு இரண்டு அறை விடுகிறோம். பின்னால் கொஞ்சம் காப்பித் தோட்டம். வந்தவர்கள் பையைக் கீழே வைப்பதற்குள் இவர் ஆரம்பித்துவிடுவார். "மூச்ச நல்லா இழுங்க. இந்தக் காத்தக் குடிச்சா ஆஸ்பத்திரிப் பக்கமே போக வேண்டீதில்லீங்க." காற்றைக் காலையில் இவரே கறந்து வைத்த மாதிரிதான் பேச்சு.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஆடியில் பிடித்த இருமல் ஐப்பசி வரை விடவில்லை. படுத்தால் இருமல், புரண்டால் இழுப்பு. ரூமுக்கு வந்தவர்கள் முன்னால் மட்டும் வாயில் துண்டை அழுத்திக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடிவிடுவார். நான் கத்திக் கத்தி, கடைசியில் சேலத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

நெஞ்சு டாக்டர் நிதானமாகக் கேட்டார். "வீட்டுக்குள்ள தூசி, பூஞ்சை ஏதாவது இருக்கா?"

"நாங்க கரடியூருங்க" என்றார் இவர், அதுவே பதில் என்பது போல.

டாக்டர் மாத்திரை எழுதினார். படுக்கிற அறைக்குக் காற்றைச் சுத்தம் செய்கிற மெஷின் ஒன்று வாங்கி வைக்கச் சொன்னார். "மார்கழிக்குள்ள குறையலைன்னா மலையை விட்டு இறங்கிடுங்க. கீழ ஒரு வீடு பார்த்துக்குங்க. இனிமே அந்த ஊர் உங்களுக்கு ஆகாது."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார் இவர். அப்புறம் மெதுவாக, "கீழ போயி நான் என்ன பண்ணுவேன் கலா?" என்றார். இவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற ஆளே இல்லை. இவரைக் கீழே கொண்டுபோய் வைத்தால் இருமல் நிற்கலாம், ஆள் நிற்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"எந்திரீங்க. அந்த மெஷின வாங்கிப்புடலாம்" என்றேன்.

என் தம்பி ஜீவானந்தம் சேலத்தில் பெரிய எலக்ட்ரிக் கடையில் சேல்ஸ்மேன். எங்களை உட்கார வைத்து டீ வரவழைத்துவிட்டு மெஷின்களைக் காட்டினான்.

"காத்துக்குத் தக்கனதான் பில்டர் எடுக்கோணும் மாமா. வண்டிப் பொகை, வாடைன்னா கரி போட்டது. சன்னத் தூசின்னா இந்த மடிப்பு மடிப்பா இருக்கறது. ஊட்டுக்குள்ள ஈரம், பூஞ்சைன்னா பில்டர் மட்டும் பத்தாது, ஈரத்த உறிஞ்சற மெஷினும் சேத்து வெக்கோணும். உங்க காத்துல என்ன அழுக்கு?"

"கரடியூர் காத்துல அழுக்கா?"

"யோசிச்சுச் சொல்லுங்க மாமா."

இவர் நிஜமாகவே யோசித்தார். "டூரிஸ்ட்டுக போடற சிப்ஸ் கவரு. அதுவும் ரோட்டோட சரி."

தம்பி என் பக்கம் திரும்பினான். தினம் இரண்டு வேளை கூட்டித் துடைக்கிற வீட்டில் தூசி இருக்கிறது என்று கூடப்பிறந்தவனிடம் என் வாயால் சொல்வேனா? நானும் உதட்டைப் பிதுக்கினேன். அழுக்கே இல்லாத காற்றுக்கு எந்த வடிகட்டியைக் கொடுப்பான் பாவம். சேலத்தில் அதிகம் விற்கிற மெஷினை எடுத்துக் கட்டிக் கொடுத்தான்.

பஸ்ஸில் பெட்டியைத் துண்டால் மூடி மடியில் வைத்துக்கொண்டார் இவர். காற்றை இலவசமாகத் தருகிறவன் காற்றுக்கு மெஷின் வாங்கினான் என்று தெரிந்தால் மலையே சிரிக்கும் அல்லவா. பக்கத்துத் தோட்டத்துச் சாந்தாமேரி அதே பஸ்ஸில் ஏறி, "என்னங்கண்ணா அது?" என்று கேட்டாள்.

"மிக்ஸிங்க."

"இத்தாச்சோடு பெரிய மிக்ஸியா?"

"கலா நெறைய அரைப்பா" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

மெஷினின் நெற்றியில் ஒரு விளக்கு. காற்று நன்றாக இருந்தால் பச்சை, கெட்டிருந்தால் சிவப்பு. படுக்கிற அறையில் வைத்துப் பிளக்கைச் சொருகினோம். திறந்த ஜன்னல் வழியாக மூடுபனி அது பாட்டுக்கு உள்ளே வந்துகொண்டிருந்தது. விளக்கு சிவப்பாகி, மெஷின் மாவு மில் மாதிரி இரைந்தது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்று இவர் அதை முறைத்தார். கொஞ்ச நேரத்தில் மனம் இளகிவிட்டது. "பாவம், கீழ பொறந்து வளந்தது. நம்ம காத்து இன்னும் பழகல."

பழக்கினார். சத்தியமாகச் சொல்கிறேன், வயரை நீட்டி மெஷினை முன் வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போய், குளிரும் என்று கம்பளி சுற்றி, பனியைப் பார்க்க உட்கார வைத்தார். பக்கத்தில் இவரும் உட்கார்ந்து இருமினார். அது சிவப்பு மாறாமல் கத்தியது. போனில் கேட்ட என் தம்பிக்குத் தலை சுற்றியிருக்கும்.

"அக்கா, பனித்துளியும் அதுக்குத் தூசிக் கணக்குதான். பிரிச்சுப் பாக்கத் தெரியாது. ரூமுக்குள்ள வெச்சு ஜன்னலச் சாத்துங்க."

"என்ர ஊட்டுல ஜன்னலச் சாத்தறதா?" என்று இவர் குதித்தார். நான் சாத்தினேன். சாத்திவிட்டுத் தாழ்ப்பாளுக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

அடுத்து இரண்டு நாள் நல்ல வெயில். பனி இல்லை. விளக்கு பச்சையாயிற்று. இவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தயா? இப்பத்தான் அதுக்கு உண்மை வெளங்குது" என்று சொல்லிக்கொண்டே கட்டிலில் சாய்ந்தார். சிவப்பு. எழுந்து நாற்காலிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் பச்சை. மறுபடி படுத்தார். சிவப்பு, கூடவே இருமல்.

"அழுக்கு நீங்கதான்" என்றேன். "போயி தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வாங்க."

அந்தக் குளிரில் நடுங்கிக்கொண்டு குளித்துவிட்டு வந்து படுத்தார். சிவப்பு. சட்டையை மாற்றினேன், போர்வையை மாற்றினேன், தலையணை உறையை மாற்றினேன். சிவப்பு. எனக்கு வந்த ஆத்திரத்தில் இவரை எழுப்பிவிட்டுக் கட்டிலில் தொப்பென்று நானே உட்கார்ந்தேன். மெஷின் என்னைப் பார்த்தும் சிவந்தது. நான் காலையில்தான் மஞ்சள் பூசிக் குளித்திருந்தேன். அப்படியானால் இது ஆளில் இல்லை, கட்டிலில் இருக்கிறது. குனிந்து பார்த்தேன்.

கட்டிலுக்கடியில் காப்பி மூட்டைகள். போன பொங்கலுக்கு முன் பறித்துக் காயவைத்தது. விலை ஏறட்டும் ஏறட்டும் என்று விற்காமல், வெளியே வைத்தால் எவனாவது தூக்கிவிடுவான் என்று, அதன் மேலேயே கட்டிலைப் போட்டு இவர் காவல் படுத்திருந்தார். நானும் தினமும் மூட்டை முனை வரைக்கும்தான் கூட்டித் துடைத்து வந்தேன். ஒன்றைப் பிடித்து இழுத்தேன். சுவரை ஒட்டியிருந்த பக்கம் முழுக்க, கெட்டுப்போன ஊறுகாய் மேல் பூக்குமே, அந்த மாதிரி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. கை பட்டதும் புகையாகக் கிளம்பியது. இவர் கண்ணில் தண்ணீர் வர இருமினார்.

"பூனைய மடியில கட்டிக்கிட்டு சகுனம் பாத்திருக்கறமுங்க" என்றேன். "டாக்டர் கேட்டாரே, தம்பி கேட்டானே, ஏன் சொல்லல?"

"தூசின்னுதான கேட்டாங்க. காப்பி தூசியா? அது லட்சுமி." கொஞ்சம் தணிந்து, "தை வரைக்கும் கெடக்கட்டும் புள்ள. வெல ஏறும்" என்றார்.

"மலைய உட்டு எறங்கறது நீங்களா, மூட்டையா? ஒண்ணச் சொல்லுங்க."

மூட்டைகளைப் பார்த்தார். சாத்தியிருந்த ஜன்னல் கண்ணாடி வழியாக வெளியே சில்வர் ஓக் மரங்களைப் பார்த்தார்.

"ஜீப்பக் கூப்புடு" என்றார்.

மூட்டைகள் மலை இறங்கின. வியாபாரி முகத்தைச் சுளித்துக்கொண்டே எடுத்துக்கொண்டார். என்ன விலைக்கு என்று மட்டும் இவரிடம் கேட்டுவிடாதீர்கள். சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தோம், கட்டிலை வெயிலில் போட்டோம். தம்பியே ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, "இதத்தான் நீங்க மொதல்லயே கேட்டிருக்கோணும்" என்று தலையில் அடித்துக்கொண்டு போனான்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம். இவர் சாப்பிட்டுப் படுத்திருந்தார். நான் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று வீடு சத்தமே இல்லாமல் இருப்பது உறைத்தது. இத்தனை மாதமாக இருமலைக் கேட்டுக்கேட்டே ஆள் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டிருந்தவள் நான். கை ஈரத்தோடு ஓடினேன். மல்லாந்து கிடந்தார். தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏனுங்க. ஏனுங்க."

கண்ணைத் திறந்தார். "என்ன புள்ள?"

"இருமற சத்தமே கேக்கலீங்களே."

"அதையும் மூட்டையோட ஜீப்புல ஏத்தி உட்டாச்சு" என்றார்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை. தொப்பென்றுதான் உட்கார்ந்தேன், விளக்கு பச்சையாகவே இருந்தது.

வெளியே பனி இறங்கத் தொடங்கியது. வெயிலுக்காகத் திறந்து வைத்திருந்த ஜன்னலை இவரே எழுந்து போய்ச் சாத்தினார். என்னால் என் கண்ணை நம்ப முடியவில்லை.

"நீங்களா சாத்தறீங்க?"

"எனக்கில்ல" என்று மெஷினைக் காட்டினார். "அதுக்குத்தான். பனி ஆகாது பாவம்."